வண்டி நிற்கும்போது செய்யும் வேலை

(வட கரோலைனாவில் தமிழ்க் குடும்பங்களின் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கேரி, மோரிஸ்வில், ஏபெக்ஸ் பக்கம் இருக்கும் நம் குடும்பங்களில் ஆர்.வி. என்ற வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்மோக்கி மலைக்குப் போய்வரும் ஆசை பரவியிருக்கிறது. காரணம் எளிது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, வெளிச் சாப்பாடு பெரியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அடுப்பும் படுக்கையும் கழிப்பறையும் கூடவே வந்தால் எல்லாக் கவலையும் தீர்ந்தது என்று கிளம்புகிறோம். சிலர் மகிழ்ச்சியாகத் திரும்புகிறார்கள். சிலர் சண்டையும் களைப்புமாகத் திரும்பி, இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார்கள்.

இரண்டு சாராரையும் கூர்ந்து கவனித்திருக்கிறேன். சிரமப்பட்டவர்கள் ஆர்.வி.யைப் பெரிய காராக நினைத்து ஓட்டிக்கொண்டே இருந்தவர்கள். வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, கழிவு கண்ணில் படாமல் போய்விடுகிறது, சுவரில் கரண்ட் இருக்கிறது. ஆர்.வி.யில் இந்த மூன்றையும் நாமே பிடித்து, நாமே அளந்து செலவு செய்து, மிச்சத்தை நாமே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அவ்வளவும் வண்டி நிற்கும்போது நடக்கும் வேலை. அந்த வேலைக்கு நேரமும் ஆளும் ஒதுக்கிய குடும்பங்களுக்குப் பயணம் இனிக்கிறது. இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

வாடகைக்கு நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கிளாஸ் சி வண்டிகள். வேன் போன்ற முகப்பு, ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை, மொத்தம் 25 முதல் 30 அடி நீளம். வழக்கமாக வாடகைக்கு வரும் எடையுள்ள வண்டிகளை ஓட்ட நம் சாதாரண லைசென்ஸே போதும். இன்சூரன்ஸில்தான் கவனம் வேண்டும். நம் கார் பாலிசியும் கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார் காப்பீடும் மோட்டார்ஹோமைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. போன் செய்து கேட்டுத் தெளிவுபடுத்திய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வண்டியைக் கையில் வாங்கும்போது உள்ளும் புறமும், கூரை விளிம்பு உட்பட, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரர் ஒவ்வொன்றாக விளக்கிக் காட்டுவார். அதையும் அவரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். இருட்டில் எந்த வால்வு எந்தப் பக்கம் என்று தேடும்போது அந்தப் பதிவைப் போல உதவுவது வேறில்லை.

முதல்முறை போகிறவர்கள் முதல் இரவை ஜார்டன் ஏரியில் கழியுங்கள் என்பது என் அழுத்தமான யோசனை. கிராஸ்விண்ட்ஸ், பாப்ளர் பாயிண்ட் கேம்ப்கிரவுண்டுகளில் தண்ணீரும் மின்சாரமும் இணைக்க வசதியுள்ள இடங்கள் இருக்கின்றன. “இவ்வளவு பக்கத்தில் போய் எதற்குத் தங்க வேண்டும்?” என்று வீட்டில் கேட்பார்கள். பக்கத்தில் இருப்பதுதான் அதன் அருமை. தண்ணீர் ஹோஸ் ஒழுகினால், ஏதாவது ஒரு இணைப்பு பொருந்தாவிட்டால், கம்பளி மறந்துபோயிருந்தால், அரை மணி நேரத்தில் வீட்டுக்கோ கடைக்கோ போய்வரலாம். அந்த ஒரு இரவில் குழாய், அடுப்பு, ஹீட்டர், ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடலாம். மலையில் போய்ப் பழகும் சிரமம் மிச்சம்.

அடுத்து தூரம். கேரியிலிருந்து ஸ்மோக்கி மலையடிவாரச் செரோக்கி ஊர் ஏறக்குறைய 300 மைல். காரில் ஐந்து மணி நேரத்தில் போய்விடுவோம் என்ற கணக்கை அப்படியே ஆர்.வி.க்குப் போடக் கூடாது. கேலனுக்கு எட்டு முதல் பத்து மைல் ஓடும் வண்டி இது. பெட்ரோல் போட நிற்பது, மேட்டில் மெதுவாக ஏறுவது, பெரியவர்களுக்காக நிறுத்துவது எல்லாம் சேர்ந்தால் முழுப் பகலும் போய்விடும். ஆர்.வி. பழகியவர்கள் மூன்று மூன்று மூன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு நாளுக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேர், ஒரே இடத்தில் மூன்று இரவு தங்கு. மூன்றில் நம்மவர்கள் அதிகம் மீறுவது கடைசியைத்தான். ஒரு வாரத்தில் ஐந்து இடம் பார்க்கத் திட்டம் போட்டால் தினமும் வீட்டைப் பிரித்துத் தினமும் வீட்டைக் கட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு ஆற்றில் கால் நனைக்கக்கூட நேரம் இருக்காது.

சாலையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் வண்டியின் உயரம். கூரையில் ஏ.சி. இருப்பதையும் சேர்த்து இந்த வண்டிகள் 11 அடி, 12 அடி வரை போகும். சாதாரண போன் மேப் உயரத்தைக் கேட்பதில்லை, காருக்கு உள்ள வழியைத்தான் காட்டும். நம் டர்ஹமில் கிரெக்சன் தெருவில் இருக்கும் ரயில் பாலத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 11 அடி 8 அங்குலம் என்று எழுதி, விளக்கு மின்னவைத்தும், லாரிகளும் ஆர்.வி.களும் கூரை பிய்ந்து நின்ற இடம் அது. 2019இல் பாலத்தை எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். அதன் பிறகும் மோதுகிறவர்கள் மோதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் கவனமற்றவர்கள் இல்லை. காரில் ஓட்டிப் பழகிய மூளைக்குத் தலைக்கு மேலே இருக்கும் உயரம் தோன்றுவதில்லை. அதனால் வண்டி ஆவணத்தில் இருக்கும் உயரத்தை அடி, அங்குலமாக ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிவையுங்கள். அருகில் உட்காருபவர் பாலம் வரும்போதெல்லாம் பலகையைப் படித்துச் சொல்லட்டும்.

ப்ளூ ரிட்ஜ் பார்க்வேயில் போக விரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். 469 மைல் நீளமுள்ள அந்தச் சாலையில் 26 சுரங்கங்கள் இருக்கின்றன. 25 நம் மாநிலத்திலேயே. மேல்பக்கம் வளைவாக வெட்டியவை என்பதால் நடுவில் இருக்கும் உயரம் ஓரத்தில் இருக்காது. சுரங்கவாரியாக உயரப் பட்டியலைப் பூங்கா நிர்வாகமே வெளியிட்டிருக்கிறது, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஸ்மோக்கி பூங்காவுக்குள்ளும் ரோரிங் ஃபோர்க் மோட்டார் பாதை போன்ற சில குறுகிய பாதைகளில் ஆர்.வி.க்கு அனுமதி கிடையாது.

இன்னொன்று வண்டியின் வால். பின் சக்கரத்துக்குப் பின்னால் பத்து அடி உடல் நீட்டிக்கொண்டிருந்தால், முன்பக்கத்தை இடப்பக்கம் திருப்பும்போது அந்த வால் வலப்பக்கம் மூன்றடிக்கு மேல் வீசும். பெட்ரோல் பங்கில் நிகழும் சேதம் பெரும்பாலும் இப்படித்தான். பெட்ரோல் போட்டு முடித்ததும் ஸ்டியரிங்கை உடனே ஒடித்துத் திருப்புவார்கள், பின்மூலை பங்கின் இரும்புத் தூணில் போய் இடிக்கும். பின் சக்கரம் தூணைத் தாண்டும்வரை நேராகவே வெளியே வந்து, பிறகு திருப்புங்கள்.

மலையிலிருந்து இறங்குவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. திரும்பி வரும்போது ஐ-40இல் ரிட்ஜ்கிரெஸ்டிலிருந்து ஓல்ட் ஃபோர்ட் வரை ஆறு மைல் அளவுக்கு ஆறு சதவீதச் சரிவு. பிரேக் பிடிக்காமல் போகும் லாரிகளை நிறுத்த அங்கே தனியாக மணல் மேடுகளே வைத்திருக்கிறார்கள். காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடும். சரிவு தொடங்குவதற்கு முன்பே கீழ் கியருக்கு மாற்றி, எஞ்சின் இரைந்தாலும் பரவாயில்லை என்று மெதுவாக இறங்குங்கள். வேகம் கூடினால் ஒருமுறை அழுத்திப் பிரேக் பிடித்துக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

இனி வந்து சேர்ந்த பிறகு. மூன்று மணிக்குள் சேரச் சொல்வதற்குக் காரணம் இந்த வேலைகளை வெளிச்சத்தில் முடிப்பதுதான். வண்டியைப் பின்னால் எடுத்து இடத்தில் நிறுத்த ஒருவர் இறங்கி வழிகாட்ட வேண்டும். அவர் எப்போதும் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். கண்ணாடியில் ஆள் மறைந்தால் வண்டி அந்தக் கணமே நிற்க வேண்டும். கூச்சல் எதற்கும் உதவாது. எஞ்சின் சத்தத்தில் “வா, வா” என்பதும் “வேண்டாம்” என்பதும் ஒன்றாகவே கேட்கும். இருவரும் போனில் பேசிக்கொண்டே செய்யலாம், இல்லை நான்கு கைச் சைகைகளை முன்பே பேசிவைக்கலாம். கணவன் மனைவிக்குள் பயணத்தின் முதல் சண்டை இந்த இடத்தில்தான் வருகிறது என்பதை இந்த அரங்கில் பலர் ஒப்புக்கொள்வீர்கள். பிள்ளைகளை இந்த நேரத்தில் ஒரு பெரியவரோடு மேசைப் பக்கம் உட்காரவைத்துவிடுங்கள்.

நிறுத்தியதும் வண்டி மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலி போதும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பிளாஸ்டிக் பலகைகளை அடுக்கி அதன்மேல் சக்கரத்தை ஏற்றி, தேருக்கு முட்டுக்கட்டை கொடுப்பதைப் போல முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். படுக்கும்போது தலை தாழக் கூடாது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பல ஆர்.வி.களில் இருக்கும் ஃபிரிட்ஜ் நம் வீட்டு ஃபிரிட்ஜ் போன்றது இல்லை. 1922இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டெர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறையில் இயங்குவது. அதில் கம்ப்ரஸர் கிடையாது. கேஸ் சுடரின் சூட்டில் அம்மோனியா கரைசல் கொதித்து, ஆவி மேலே போய்க் குளிர்ந்து, தன் எடையாலேயே கீழே வழிந்து வர வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் அந்த ஓட்டம் தடைப்படும். காலையில் பால் திரிந்திருக்கும், தயிர் புளித்திருக்கும். நீண்ட நேரம் சாய்ந்தே ஓடினால் ஃபிரிட்ஜே பாழாகும். கம்ப்ரஸர் வைத்த புது வண்டிகளும் வந்துவிட்டன. உங்களுக்குக் கிடைப்பது எது என்று வாங்கும்போதே கேளுங்கள்.

மின்சாரம் எளிய கணக்கு. இணைப்பு 30 ஆம்ப் என்றால் 120 வோல்ட்டால் பெருக்குங்கள், 3,600 வாட். அவ்வளவுதான் மொத்த வண்டிக்கும். கூரை ஏ.சி. ஏறக்குறைய 1,500 வாட் எடுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு முழுச் சூட்டில் 1,800. இரண்டும் சேர்ந்தாலே எல்லைக்குப் பக்கம் வந்துவிடும். அதன்மேல் காபிக்குக் கெட்டிலைப் போட்டால் பிரேக்கர் விழும். ஏ.சி. ஓடும்போது சூடாக்கும் சாமான் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். வெளியே இருக்கும் மின்பெட்டியில் முதலில் பிரேக்கரை அணைத்து, பிளக்கை முழுதாகச் செருகி, பிறகு போட வேண்டும். கழற்றும்போதும் முதலில் அணைக்க வேண்டும்.

தண்ணீருக்கு வெள்ளை நிறக் குடிநீர் ஹோஸைத்தான் பயன்படுத்த வேண்டும். தோட்டத்து ஹோஸ் கூடாது. குழாய்க்கும் ஹோஸுக்கும் நடுவே அழுத்தம் குறைக்கும் பித்தளைத் துண்டு ஒன்றை மாட்டுங்கள். சில கேம்ப்கிரவுண்டுகளில் தண்ணீர் பாய்ந்து வரும் வேகத்தில் வண்டிக்குள் இருக்கும் குழாய் இணைப்புகள் விட்டுப்போகும்.

கழிவுத் தொட்டியைப் பற்றி விரிவாகப் பேசத்தான் வேண்டும். இதைச் சொல்லத் தயங்கித் தயங்கித்தான் நம் குடும்பங்கள் அவதிப்படுகின்றன. வண்டியில் இரண்டு கழிவுத் தொட்டிகள். சிங்க், குளியல் தண்ணீர் சாம்பல் தொட்டிக்கும், கழிப்பறைக் கழிவு கறுப்புத் தொட்டிக்கும் போகும். கறுப்புத் தொட்டி பல கிளாஸ் சி வண்டிகளில் 30 கேலன் அளவில்தான் இருக்கும். இங்குள்ளவர்கள் காகிதத்தை மட்டும் பயன்படுத்தும் கணக்கில் செய்யப்பட்ட அளவு அது. நாம் தண்ணீர் பயன்படுத்துகிறவர்கள். அதை மாற்றிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். உண்மையில் தொட்டிக்குத் தண்ணீர் நல்லது. கழிவு இறுகாமல் கரைந்து வெளியேறும். ஆனால் ஆறு பேர் இருக்கும் குடும்பத்தில் தொட்டி வேகமாக நிரம்பும். ஒரு சிறிய சொம்பு அளவை எல்லாருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். பகலில் முடிந்தவரை கேம்ப்கிரவுண்டின் பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். இரவுக்கும் பெரியவர்களுக்கும் வண்டிக் கழிப்பறை இருக்கட்டும். காகிதம் போடுவதானால் ஆர்.வி.க்கென்று விற்கும், தண்ணீரில் கரையும் காகிதம் மட்டும். ஈரத் துடைப்பான்கள், பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும், உள்ளே போடக் கூடாது.

சாக்கடை இணைப்பு உள்ள இடத்தில் தங்கும்போது கறுப்புத் தொட்டி வால்வைத் திறந்தே விட்டுவிடுவோமே, தானாகப் போய்க்கொண்டிருக்கட்டும் என்று தோன்றும். அப்படிச் செய்தால் நீர் மட்டும் வடிந்து, திடக் கழிவு கழிப்பறைக் குழிக்கு நேர் கீழே மேடாகக் குவிந்து காய்ந்துவிடும். அதைச் சுரண்டி எடுப்பது லேசான வேலை இல்லை. வால்வை மூடியே வைத்து, தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகு ஒரேயடியாகத் திறந்தால் நீரின் வேகம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும்.

திறக்கும் முறை இது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா என்று கையால் தள்ளிப் பார்த்த பிறகுதான் கழிவுக் குழாயின் மூடியைக் கழற்ற வேண்டும். கழிவு ஹோஸின் ஒரு முனையை வண்டியில் வைத்துத் திருகினால் காதுகள் பூட்டிக்கொள்ளும். மறு முனையைத் தரையில் இருக்கும் துளையில் செருகி, நழுவாமல் ஒரு கனமான பொருளால் அழுத்துங்கள். முதலில் கறுப்பு வால்வு. சத்தம் குறைந்து ஓட்டம் நின்றதும் அதை மூடிவிட்டு, பிறகு சாம்பல் வால்வு. சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டே போகும். இந்த வரிசை மாறக் கூடாது. முடிந்ததும் கழிப்பறை வழியாக இரண்டு மூன்று கேலன் தண்ணீரும் கழிவுத் தொட்டிக்கான மருந்தும் உள்ளே விடுங்கள். தொட்டி காலியாக உலர்ந்து கிடக்கக் கூடாது. சுவரில் இருக்கும் ‘எவ்வளவு நிரம்பியது’ விளக்கை அதிகம் நம்ப வேண்டாம். உள்ளே ஏதாவது ஒட்டிக்கொண்டால் காலித் தொட்டியையும் நிறைந்ததாகக் காட்டும். பத்து நிமிட வேலை இது. அருவருப்பாக நினைக்க ஒன்றுமில்லை. பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள், ஆர்வமாகவே செய்வார்கள்.

சமையலுக்கு வருகிறேன். வண்டிக்குள் தாளித்தால் புகை அலாரம் அலறும், மிளகாய் நெடி இரவு முழுக்கப் படுக்கைத் துணியில் நிற்கும். தாளிப்பது, பொரிப்பது, வதக்குவது எல்லாவற்றையும் வெளியே மேசையில் தனிக் கேஸ் அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடுப்பு எரியும்போது கூரை மின்விசிறியும் ஒரு ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்து வைப்பது உயிருக்கு ஆபத்து. அதில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணம் இல்லை. அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று முதல் நாளே பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இட்லி மாவு கொண்டுபோகிறவர்கள் புளித்த மாவைக் குளிரவைத்து, பாத்திரத்தில் பாதி மட்டும் ஊற்றி எடுத்துப்போங்கள். வெயிலில் நின்ற வண்டியில், மலை ஏறும் குலுக்கலில், நிறைத்து வைத்த மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு ஃபிரிட்ஜ் முழுக்க வழியும். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு, வறுத்த ரவை ஆகியவற்றை வீட்டிலேயே செய்து வைத்துக்கொண்டால் அங்கே சாதம் மட்டும் வைத்தால் போதும். வடித்த கஞ்சியையும் சாம்பார் மிச்சத்தையும் சிங்கில் கொட்டாதீர்கள். ஸ்டார்ச்சும் எண்ணெயும் சாம்பல் தொட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டாம் நாளே நாற்றம் கிளம்பும். தட்டை முதலில் காகிதத் துண்டால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு கழுவுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். ஆர்.வி.யில் சமையலறை இருப்பதால் வீட்டுப் பெண்களுக்கு மூன்று வேளைச் சமையலும் பாத்திரமும் அங்கேயும் தொடர்கிறது. பத்தடி நீளச் சமையலறை இரண்டடியாகச் சுருங்கியதுதான் அவர்களுக்குக் கிடைத்த மாற்றம். மற்றவர்கள் அருவி பார்க்கப் போகும்போது அம்மா குக்கர் விசிலுக்குக் காத்திருந்தால் அந்தப் பயணத்தை எப்படி விடுமுறை என்பது? கிளம்புமுன் ஒரு தாளில் வேலைகளை எழுதுங்கள். ஹோஸ், மின்சாரம், கழிவு, சக்கரக் கட்டை, காலைக் காபி, இரவுச் சமையல், பாத்திரம், படுக்கை மடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். சமையலும் பாத்திரமும் ஒரே பெயருக்கு எதிரே வரக் கூடாது. நாளுக்கு ஒரு வேளை ரொட்டியும் பழமுமாக இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

இப்போது ஸ்மோக்கி. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலேயே மிக அதிகம் பேர் வரும் பூங்கா அது. ஆனால் அதன் கேம்ப்கிரவுண்டுகளில் பொதுவாக மின்சார, தண்ணீர் இணைப்புகள் கிடையாது, குளிக்கும் அறையும் கிடையாது. செரோக்கிக்குப் பக்கத்தில் ஸ்மோக்மாண்ட் இருக்கிறது. ஆற்றோரம், நிழல், அருமையான இடம். தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் பொது நிலையம் இருக்கிறது, இரவு வெளிச்சத்துக்கு வண்டி பேட்டரிதான். வீட்டிலிருந்தே தொட்டியை நிரப்பிக்கொண்டு மலை ஏற வேண்டாம். 40 கேலன் தண்ணீர் 150 கிலோ எடை. அங்கே போய் நிரப்புங்கள். இரவு குளிருக்கு ஹீட்டர் போட்டால் கேஸ் எரியும், ஆனால் அதன் விசிறி பேட்டரியில் ஓடும். விடியற்காலையில் பேட்டரி தீர்ந்துபோனால் ஹீட்டரும் நின்றுவிடும். கம்பளி எடுத்துக்கொண்டு ஹீட்டரைக் குறைத்து வையுங்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம். ஜெனரேட்டர் ஓட்ட அனுமதித்த நேரம் அதைவிடக் குறைவு, அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் பல வண்டிகளில் வண்டியின் பெட்ரோலையே குடிக்கும். டேங்க் கால் பங்குக்கு வந்ததும் தானாக நின்றுவிடும். பழுது என்று பயப்பட வேண்டாம்.

வெளியே சமைப்பதால் கரடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே கறுப்புக் கரடிகள் ஏராளம். சாப்பிட்டு முடித்த உடனே அடுப்பு, எண்ணெய்க் கிண்ணம், மசாலா டப்பா, குப்பை எதுவும் வெளியே இருக்கக் கூடாது. ஐஸ் பெட்டியும் உள்ளே வர வேண்டும். மனிதர் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியை வேறு வழியில்லாமல் கொன்றுவிடுகிறார்கள். நம் ஒரு மேசையின் மிச்சம் ஒரு உயிரைப் பறிக்கக் கூடாது. விறகும் வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். மரத்தை அழிக்கும் பூச்சிகள் விறகோடு பயணம் செய்கின்றன என்பதால் 2015 முதல் வெளியிலிருந்து கொண்டுவருவதில் வெப்பமேற்றிச் சான்று பெற்ற விறகுக்கு மட்டுமே பூங்காவில் அனுமதி. வாசலிலேயே கட்டுக்கட்டாக விற்கிறார்கள்.

பெரியவர்களும் பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால், வண்டி ஓடும்போது எல்லாரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு முதுகு வலிக்கிறது, பின்னால் படுத்துக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். முதுகு வலித்தால் ஒரு மணிக்கு ஒருமுறை நிறுத்தி நடக்கவையுங்கள். குழந்தை இருக்கையை முன்னோக்கிய, முறையான பெல்ட் உள்ள இருக்கையில் மட்டும் கட்டுங்கள். பக்கவாட்டு சோபாவில் வேண்டாம். தாத்தா பாட்டிக்குப் பின்படுக்கை, பேரப்பிள்ளைகளுக்கு ஏணி ஏறும் மேல்படுக்கை. வாசல்படி உயரம், ஒரு மடக்குப்படியும் இரவு விளக்கும் வாங்கிவையுங்கள். மருந்துகளை ஃபிரிட்ஜில் வைக்கும் வீடுகள் அதற்குள் ஒரு சிறிய தெர்மாமீட்டரும் வையுங்கள்.

கடைசியாகப் பதிவு. ஸ்மோக்கி கேம்ப்கிரவுண்டுகளுக்கு ஆறு மாதம் முன்னதாக ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் திறக்கிறார்கள். இலை நிறம் மாறும் அக்டோபர் நடுவில் அம்மா அப்பாவை அழைத்துப் போக வேண்டுமானால் ஏப்ரல் நடுவில் காலை பத்து மணிக்குக் கணினி முன் இருக்க வேண்டும். தளத்தில் ஒவ்வொரு இடத்தின் எண்ணைத் தொட்டாலும் எத்தனை அடி வண்டி நிற்கும், தரை மட்டமா, நிழல் உண்டா என்ற விவரம் வரும். கழிப்பறைக்குப் பக்கமான இடமாகப் பாருங்கள். இடம் கையில் கிடைத்து அதன் நீளம் தெரிந்த பிறகு வண்டியை வாடகைக்குப் பேசுங்கள். வண்டியை முதலில் பேசிவிட்டு இடம் தேடுகிறவர்கள், 30 அடி வண்டியோடு 25 அடி இடத்தின் முன்னால் நிற்க நேர்கிறது.